பழைய தழும்பும் கனடா மெடிக்கலும்

2011இல் எனக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்கா கண்முன்னால் மாத்திரை விழுங்கி முடித்தேன். அதன்பின் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கனடா பி.ஆருக்கு, அதாவது அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதிக்கு, மெடிக்கல் எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "அதையெல்லாம் அங்க போய்ச் சொல்லிடாதடா."

சொன்னேன். நீங்களும் சொல்லிவிடுங்கள். காசநோய் வந்ததுண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். 11 வயது நிரம்பிய எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு, நுரையீரலில் ஆறிய தழும்பு அதில் தெரிந்துவிடும். பொய் சொன்னது தெரிந்தால் ஐந்து வருடத் தடை விழலாம். வந்து போன நோய்க்கு அப்படி யாரும் தடை போடுவதில்லை.

நம் குடும்ப டாக்டரிடம் இதை எடுக்க முடியாது. கனடா அரசின் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போகவேண்டும். நான் சென்னைக்குப் போனேன். ரத்தம், சிறுநீர், எடை, பிரஷர் எல்லாம் அரை மணியில் முடிந்தன. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "பழைய படம் ஏதாவது இருக்கா?" என்றார். தழும்பு வளரவில்லை என்று காட்ட அதுதான் வேண்டுமாம்.

ஊருக்குப் போன் போட்டேன். பரணில், பட்டுப்புடவைப் பெட்டிக்கு அடியில், 2012இல் சிகிச்சை முடிந்தபோது எடுத்த படத்தையும் மாத்திரை அட்டையையும் அம்மா பத்திரமாக வைத்திருந்தார். சொல்லாதே என்றவர்தான் ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. மறுநாளே அப்பா பஸ் ஏறிக் கொண்டுவந்தார். டாக்டர் இரண்டு படங்களையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, "மாற்றமே இல்லை" என்றார்.

ஆனாலும் சளிப் பரிசோதனை உண்டு. அடுத்தடுத்து மூன்று நாள், விடிகாலை, வெறும் வயிற்றில். முதல் நாள் எனக்கு எச்சில்தான் வந்தது. "அடிநெஞ்சிலிருந்து இருமுங்க தம்பி" என்று அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நுண்ணோக்கி முடிவு சீக்கிரம் வந்துவிடும். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்குத்தான் எட்டு வாரம். அந்த எட்டு வாரமும் எனக்குத் தூக்கம் சரியில்லை. கிருமி இருந்தாலும் கதவு மூடிவிடாது, சிகிச்சை முடித்துத் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியும் மனது கேட்கவில்லை. கிருமி இல்லை என்றே வந்தது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்த டாக்டர் பாஸ், ஃபெயில் போடுவதில்லை. அறிக்கையை அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது, முடிவு கனடா குடிவரவுத் துறையுடையது. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும் பயப்படுகிறார்கள். அங்கே பார்ப்பது அரசுக்கு வரும் மருத்துவச் செலவு அளவுகடந்து போகுமா என்பதை. அந்த வரம்பை 2018இல் மூன்று மடங்காக்கினார்கள். கனடாவில் இருக்கும் குடும்பத்தார் ஸ்பான்சர் செய்து கூப்பிட்டுப் போகும் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கே கிடையாது.

எனக்கு விசாவோடு ஒரு கண்காணிப்புத் தாளும் வந்தது. இறங்கிய 30 நாளுக்குள் அந்த ஊர்ப் பொதுச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லவேண்டும். நான் முதல் வாரமே போன் செய்தேன். பேசிய நர்ஸ் மிகவும் தன்மையாகக் கேட்டார்: "பழைய எக்ஸ்ரே கைவசம் இருக்கிறதா?"

இருந்தது. அம்மா அதைத் துணிப்பையில் சுற்றி, என் பெட்டியில் சட்டைகளுக்கு மேலேயே வைத்து அனுப்பியிருந்தார்.