காரம் தாங்குவீங்களா?

"இந்தியாவில இருந்து நேரா வந்தவங்களா? அப்ப காரம் கம்மியாப் போடச் சொல்றேன்."

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில் ஒரு கறிக்கடைக் கல்லாவில் இருந்த அம்மா ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி, வாயில் ஒரு சொல் தமிழ் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. தமிழனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "உள்ளூர்க்காரங்களுக்குக் குடுக்கற மாதிரியே குடுங்க" என்றேன்.

வந்தது பன்னி சௌ. முழு ரொட்டியில் கால்வாசியை வெட்டி, நடுவைக் குடைந்து, உள்ளே ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும். குடைந்தெடுத்த ரொட்டி மேலே மூடியாக உட்கார்ந்திருக்கும். தொட்டுக்கொள்ளத் துருவிய கேரட், வெங்காயம், பச்சைமிளகாய். கரண்டி கேட்டால் சிரிப்பார்கள், கைதான். முதல் வாயிலேயே காது அடைத்தது. எண்ணெயெல்லாம் மிளகாய்ச் சிவப்பு, தேங்காய் மருந்துக்கும் இல்லை. ஏனுங்க, நாம கோபிச்செட்டிபாளையத்துக்காரங்க. காரம் குழம்பில் ஒரு ஓரமாக அடங்கி இருக்க வேண்டியது. மிளகாயை அள்ளிப் போடும் பள்ளிபாளையம் சிக்கனுக்கே விதையை உதிர்த்துவிட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிச் சேர்க்கிற ஊர் நம்முடையது.

ரொட்டி எப்படிப் பாத்திரமானது என்பதற்கு இங்கே ஆளுக்கொரு கதை. கரும்புத் தோட்டத்துக்கு எடுத்துப்போக வசதி என்பார்கள். இன ஒதுக்கல் காலத்தில், கடைக்குள் உட்கார அனுமதி இல்லாத கறுப்பின மக்களுக்குப் பின்வாசலில் கொடுத்தது என்றும் சொல்வார்கள். சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இன்றைக்கு கடைப் பலகைகளில் பிள்ளே, மூட்லி, நாயுடு, கோவெண்டர்.

"கோவெண்டர்னா நம்ம கவுண்டருதானாம்மா" என்று போனில் சொன்னேன்.

"எந்தக் கூட்டம்னு கேட்டியா கண்ணு?"

கப்பல் ஏறி நூற்றறுபது வருசமாச்சு, தமிழே போயிருச்சு, அம்மாவுக்கு எந்தக் கூட்டம், எந்தக் குலம்னு தெரியணும்.

ஃப்ளோரிடா ரோட்டில் விளக்கை மங்கலாக வைத்து, தோசைக்குள் அவகாடோவும் இறாலும் சுருட்டித் தரும் கடைகளும் உண்டு. போனோம், படம் எடுத்தோம், பில்லைப் பார்த்தோம். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் எனக்கு டர்பன் பழகிவிட்டது. மதியத்துக்கு ஜூலு அக்கா ஒருவர் கடையில் ஃபூத்து. உதிரி உதிரியாகக் கிண்டிய மக்காச்சோள மாவு, மேலே அமாசி என்கிற புளித்த பால். ரொம்பப் பிடித்துப்போய் வாரம் தவறாமல் போகிறேன். ஆனால் பாதிச் சாப்பாட்டில் நான் அங்கே இருப்பதில்லை. அம்மாவைப் பெத்த அப்பிச்சியின் தோட்டத்துத் திண்ணையில், சோளச்சோற்றைப் பிசைந்து மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன். அமாசியும் புளிப்புதான், ஆனால் அமுச்சி மண்சட்டியில் ஊற்றி வைத்த மோரின் புளிப்பு வேற. ஆடி மாதம் இங்கே மாரியம்மன் கோயில்களிலும் கூழ் ஊற்றுகிறார்கள். வரிசையில் நின்று வாங்கிக் குடித்துவிட்டு, பாரியூர்ப் பக்கம் மழை பெய்ததா என்று போன் போட்டுக் கேட்டேன்.

ஆத்தாமை எல்லாம் அரிசியும் பருப்பும் சேர்த்து ஒண்ணா ஆக்குற எங்க ஊர் அரிசிம்பருப்பு மேல்தான். எத்தனை இந்திய உணவகம் இருந்தென்ன, ஒரு பட்டியலில் அது இல்லை. பட்டர் சிக்கன் இல்லாத தெரு இல்லை. பொறுக்க முடியாமல் ஒரு நாள் நானே ஆக்கி, அலுவலகத்து ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூள், மேலே நெய். பூட்டன் காலத்தில் வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒரு வாய் வைத்துவிட்டு, கவலையாக என்னைப் பார்த்தாள்.

"உடம்புக்கு முடியலையா?"

அப்புறம் கைப்பையிலிருந்து மாங்காய் ஊறுகாய் டப்பாவை எடுத்துத் தட்டு சிவக்கக் கலந்து, இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள்.