20 தடைகள், 43 வினாடிகள்: மிளகோடு ஒரு குளிர்காலம்

மிளகுக்கு ஐந்து வயது. கறுப்பு காக்கர் ஸ்பானியல் நாய். நாங்கள் ஆடுவது அஜிலிட்டி: நாய் வரிசைப்படி தடைகளைக் கடந்து ஓடும், நாம் கூடவே ஓடி வழிகாட்ட வேண்டும். தோள் உயரம் 39 சென்டிமீட்டர். பிரிட்டனின் கென்னல் கிளப் விதிப்படி நடுத்தர உயரப் பிரிவு. தாண்ட வேண்டிய கம்பு 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கடந்த அக்டோபரில் பெர்க்‌ஷயரில் நடந்த ஒரு போட்டியில் 20 தடைகளையும் ஒரு பழுதுகூட இல்லாமல் 43.2 வினாடிகளில் முடித்தாள். எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. பட்டியலைப் பார்த்தபோது 17ஆவது இடம். முதலில் வந்த நாய்க்கு 34.5.

நடுவர் அளந்து வைத்திருந்த பாதை 160 மீட்டர். எங்கள் வேகம் வினாடிக்கு 3.7 மீட்டர், அவர்களுடையது 4.6. மிளகுதான் மந்தம் என்று முடிவு கட்டினேன். எடையைக் குறைத்தேன், பரிசுத் தீனியைப் பாலாடைக்கட்டியிலிருந்து கோழிக்கு மாற்றினேன், பூங்காவில் நேர்கோட்டில் ஓடவிட்டேன். ஒரு மாதத்தில் அரை வினாடிகூடக் குறையவில்லை.

நவம்பரில் மகள் கைப்பேசியை முக்காலியில் வைத்துப் பயிற்சியைப் படம்பிடித்தாள். இரவு அதை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, மிளகு ஓடாமல் இல்லை. உன்னைப் பார்த்துப் பார்த்து நிற்கிறாள்" என்றாள். எரிச்சலாக இருந்தது. மூன்றாம் முறை பார்த்தபோது ஒப்புக்கொண்டேன்.

சிக்கல் திருப்பங்களில் இருந்தது. ஒரு தடையைத் தாண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், அவள் தரையிறங்கிய பிறகு நான் கூப்பிடுகிறேன். அதற்குள் அவள் நேராக இரண்டு மூன்று எட்டுப் பாய்ந்துவிடுகிறாள். பிறகு பெரிய வளைவு போட்டு வருகிறாள். ஒரு திருப்பத்துக்குக் குறைந்தது மூன்று மீட்டர் வீண். தாண்டும் நாய் எப்படி இறங்குவது என்பதைத் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே தீர்மானித்துவிடுகிறது. முன்கூட்டியே தெரிந்தால் உடலைச் சுருக்கி, கம்பத்தை ஒட்டித் திரும்பும். தெரியாவிட்டால் நீட்டித் தாண்டும். ஆகவே கம்புக்கு இரண்டு எட்டு முன்னால் இருக்கும்போதே அவளுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

ஒரே ஒரு தடையை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இதை மட்டும் பழகினோம். முதல் வாரம் கம்பு மேல் கம்பாக விழுந்தது. அவள் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் நான் கத்தினால் காற்றிலேயே உடலை முறுக்குகிறாள், பின்னங்கால் கம்பில் படுகிறது. அந்தக் கணத்தில் கூப்பிடுவதைவிடப் பேசாமல் இருப்பதே மேல்.

சொற்களிலும் ஒரு கோளாறு. 'இடம்', 'வலம்' என்று தமிழிலேயே பழக்கியிருந்தேன். மாட்டுக்காரர்களுக்கு இடத்து மாடும் வலத்து மாடும் உண்டே, நாய்க்கு ஏன் ஆகாது என்ற பெருமை. ஓடிக்கொண்டே மூச்சு வாங்கச் சொல்லும்போது இரண்டும் 'அம்' என்றுதான் கேட்கிறது. சோற்றுக்கைப் பக்கம் என்பதால் வலத்துக்குச் 'சோறு' என்று வைத்துப் பார்த்தேன். மிளகு அங்கேயே உட்கார்ந்து என் பையைப் பார்த்தாள். இப்போது இடப்பக்கத்துக்கு 'இடம்', வலப்பக்கத்துக்குச் 'சரக்'. பொருளில்லை, ஆனால் குழப்பமும் இல்லை. எப்படியிருந்தாலும் வாய்ச்சொல்லைவிட என் கால்களையும் தோளையும்தான் அவள் நம்புகிறாள். வாய் 'இடம்' என்று சொல்லி, கால் விரல்கள் நேராகக் காட்டினால் அவள் நேராகத்தான் போவாள்.

டிசம்பரும் ஜனவரியும் வீவ் கம்பங்களுக்குப் போயின: வரிசையாக நட்ட கம்பங்களுக்கிடையே நாய் வளைந்து வளைந்து பின்னிச் செல்வது. 60 சென்டிமீட்டர் இடைவெளியில் 12 கம்பங்கள். முதல் கம்பம் நாயின் இடத்தோள் பக்கம் வரும்படி நுழைய வேண்டும். நுழைவதில் அவளுக்குப் பிழையே வருவதில்லை. ஆனால் நான் பக்கத்திலேயே ஒட்டி நடந்தால்தான் முடிப்பாள். விலகினால் பத்தாவது கம்பத்தில் வெளியே வந்துவிடுவாள். காரணம், இத்தனை காலமும் பரிசு என் கையிலிருந்தே வந்திருக்கிறது. கையிலிருந்து கொடுப்பதை நிறுத்தி, கடைசிக் கம்பத்துக்கு அப்பால் பொம்மையை எறிந்தேன். ஒவ்வொரு நாளும் ஓர் அடி விலகினேன். சேற்றிலும் மழையிலும் ஆறு வாரம். 4.1 வினாடி 3.4 ஆனது. அதைவிடப் பெரிய லாபம், அவள் பின்னும் நேரத்தில் நான் அடுத்த இடத்துக்கு ஓடிவிடலாம்.

முன்னால் போய்விட்டால் நான் அவளுடைய மறுபக்கத்துக்கு மாறுவது எளிது. முன்பு ஃப்ரண்ட் கிராஸ் மட்டும்தான் செய்வேன்: நாயைப் பார்த்தபடியே சுழல்வது. என் முழங்கால் அதை விரும்புவதில்லை. பிளைண்ட் கிராஸில் அவளுக்கு முதுகைக் காட்டிக் குறுக்கே ஓடி, மறுதோள் வழியாகப் பார்க்க வேண்டும். வேகம் குறையாது. போட்டியில் முதன்முறை செய்தபோது திரும்பிப் பார்த்தேன், நாயைக் காணோம். தவறான டனலுக்குள், அதாவது நாய் நுழைந்து ஓடும் குழாய்த் தடைக்குள், இருந்தாள். அத்தோடு ஆட்டத்திலிருந்து நீக்கம். நான் தோளைத் திருப்பப் பிந்தியதால் பழைய பக்கத்திலேயே என்னைத் தேடியிருக்கிறாள்.

போட்டிக்கு முன் பாதையை நடந்து பார்க்கும் சில நிமிடங்களில், நான் ஓடப்போகும் வழியைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இப்போது டனல் வாயில் குனிந்து அவள் கண்ணுயரத்தில் பார்க்கிறேன். நான் பளிச்சென்று தெரியும் என்று நினைத்திருந்த தடை அங்கிருந்து தெரிவதே இல்லை. எதிரே இருக்கும் வேண்டாத தடைதான் கண்ணை நிறைக்கிறது. அவள் உள்ளே இருக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

டாக் வாக் என்ற உயரப் பலகைப் பாலத்தின் முடிவில் பின்னங்கால் பலகையிலும் முன்னங்கால் தரையிலுமாக நிற்பதை விட்டுவிட்டு, நிற்காமல் ஓடிக் கடக்கப் பழக்கு என்று கிளப்பில் பலர் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. என் நிலைக்கு அது தேவையில்லை. அவள் நின்றதும் உடனே விடுவித்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச்சில் ஒரு குதிரைப் பயிற்சிக் கூடத்தில், மணல் தரையில் போட்டி. பொருத்தமான இடம்தான். 1978இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையில், குதிரைத் தாண்டலை மாதிரியாக வைத்துக் காட்டிய வேடிக்கையிலிருந்துதானே இந்த ஆட்டம் பிறந்தது. குதிரைக்காரருக்குக் கடிவாளம் உண்டு. நாங்கள் நாயைத் தொட்டு வழிநடத்தினால் பழுது.

37.4 வினாடிகள். கிட்டத்தட்ட ஆறு வினாடி குறைந்திருக்கிறது. பாதையும் ஏறக்குறைய அதே நீளம். ஆனால் 16ஆவது தடையில் கம்பு விழுந்து ஐந்து பழுதுப் புள்ளி. மகள் அன்றிரவே காணொளியைப் போட்டு அந்த இடத்தில் நிறுத்தினாள். மிளகின் நான்கு கால்களும் காற்றில் இருக்கின்றன. என் வாய் அப்போதுதான் 'இடம்' என்று திறக்கிறது.