இரை எடுக்காத பாம்புக் குட்டிகளைத் தேற்றிய அனுபவம்

இங்கிலாந்தில் எங்கள் வீட்டில் வளரும் பெண் கார்ன் பாம்பு கோடையின் தொடக்கத்தில் இட்ட முட்டைகள் ஆகஸ்டில் பொரிந்தன. பெரும்பாலான குட்டிகள் முதல் சட்டையை உரித்த கையோடு இரை எடுக்கத் தொடங்கிவிட்டன. மூன்று மட்டும் எடுக்கவில்லை. நன்றாகப் பொரிந்த குட்டி ஆறேழு கிராம் இருக்கும்போது இந்த மூன்றும் ஐந்து கிராமைக்கூடத் தொடவில்லை. அவற்றில் ஒன்று மற்றவை எல்லாம் வெளியே வந்து வெகுநேரம் கழித்தே முட்டையைக் கீறிக்கொண்டு வந்தது. இந்த மூன்றையும் எப்படிப் பார்த்துக்கொண்டேன், எதை எந்த வரிசையில் செய்தேன் என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று விரிவாக எழுதுகிறேன். மெலிந்த குட்டிக்குப் பட்டினியைவிட, அதைக் காப்பாற்றும் பதற்றத்தில் மணிக்கொரு தரம் நீளும் நம் கைதான் பெரிய ஆபத்து என்பதே நான் இதில் உறுதியாகக் கண்டது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் எழுதுவது அமெரிக்காவைச் சேர்ந்த, பல தலைமுறைகளாக வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டுவரும், நஞ்சற்ற பாம்பைப் பற்றி. நம் ஊர்ச் சாரைப்பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பதை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. வயல்வரப்பில் தென்பட்ட குட்டியை இதைப் படித்துவிட்டு யாரும் எடுத்து வளர்க்க வேண்டாம்.

முட்டையிலிருந்து வெளிவரும் குட்டியின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். அதை உள்வாங்கிக்கொண்டே அது முதல் சில நாட்களைக் கழிக்கிறது. ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முதல் சட்டையை உரிக்கும். அதற்கு முன்பு இரை கொடுப்பதில் பயனில்லை. உரித்த பிறகும் ஆரோக்கியமான குட்டி சில வாரங்கள் உண்ணாமல் தாக்குப்பிடிக்கும் என்பதால் அவசரப்படத் தேவையில்லை. ஆனால் எடை குறைந்தே பிறந்த குட்டிக்கு அந்தச் சேமிப்பு குறைவு. ஆகவே பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றை வாங்கி, வாரம் ஒரு முறை மட்டும் எடை பார்த்துக் குறித்துவைத்தேன். முதல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையாத வரை, குட்டியின் வாயில் எதையும் திணிப்பதில்லை என்று எனக்கு நானே ஓர் எல்லையும் வைத்துக்கொண்டேன். கண்ணுக்கு மெலிந்து தெரிகிறது என்று நாம் நினைப்பதற்கும் தராசு காட்டுவதற்கும் பல நேரங்களில் பொருத்தமே இருப்பதில்லை.

இரையைப் பற்றி யோசிப்பதற்கு முன் இருப்பிடத்தைச் சரிசெய்தேன். பெரிய கண்ணாடித் தொட்டியில் சின்னக் குட்டி அஞ்சி ஒடுங்கும். அஞ்சிய பாம்பு இரை எடுக்காது. மூன்றையும் தனித்தனியாக, செருப்புப் பெட்டி அளவிலான, காற்றுத்துளை இட்ட பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றினேன். தரையில் சமையலறைக் காகிதம் விரித்து, சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக ஒளிந்துகொள்ள இடம் வைத்தேன். தெர்மோஸ்டாட் பொருத்திய சூட்டுப் பாய் ஒரு பக்கத்தை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருந்தது. மறுபக்கம் 23 டிகிரி அளவில் இருந்தது. இந்தச் சூடு இல்லாமல் உண்டாலும் செரிக்காது, பாம்பு இரையைக் கக்கிவிடும். தாமதமாகப் பொரிந்த குட்டியின் விலாப்பக்கத்தில் நீளவாக்கில் மெல்லிய சுருக்கம் ஒன்று தெரிந்தது. அது நீர்ச்சத்து குறைந்ததன் அடையாளம். வெதுவெதுப்பான நீரை அதன் உடல் பாதி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றிச் சற்று நேரம் விட்டேன். பிறகு ஈரப்பாசி வைத்த சிறு டப்பா ஒன்றையும் உள்ளே வைத்தேன். சுருக்கம் மறைந்த பிறகே அதற்கு இரை காட்டினேன்.

இரை என்பது கடையில் உறைந்த நிலையில் கிடைக்கும், உரோமம் முளைக்காத ஒரு நாள் எலிக்குஞ்சு. வளர்ப்பவர்கள் இதைப் பிங்கி என்பார்கள். அதைப் பையோடு வெந்நீரில் இட்டு உருகவைத்து, உடல்சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடேற்றி, துடைத்து, பொழுது சாயும் வேளையில் குட்டியோடு ஒரு சிறு மூடிய கிண்ணத்தில் வைத்து, இருட்டில் விடியும் வரை திறக்காமல் விட்டுவிட வேண்டும். கார்ன் பாம்பு அந்தி மங்கிய பிறகே நடமாடும் என்பதால், பகலில் முகத்துக்கு நேரே ஆட்டிக்காட்டுவதால் பயமே மிஞ்சும். காலையில் மூன்று கிண்ணங்களிலும் பிங்கி அப்படியே இருந்தது. என் மகள், "அப்பா, இன்னைக்கு ராத்திரியும் குடுத்துப் பாக்கலாமே" என்று கெஞ்சினாள். நான்கைந்து நாள் இடைவெளி விட்டே மறுபடி கொடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைப்பது, இரை கொடுப்பதைவிடக் கடினமாக இருந்தது. தினமும் தொந்தரவு செய்யப்பட்ட குட்டி எலியின் வாசனையையே ஆபத்தோடு சேர்த்துப் பழகிவிடுகிறது.

அடுத்து, பிங்கியை மணமில்லாத சோப்பால் கழுவி, நன்றாக அலசிக் கொடுத்தேன். எலியின் வாசனை மங்கியதும் சில குட்டிகள் உண்ணும் என்பார்கள், இவை உண்ணவில்லை. இதற்குக் காரணம் இந்தப் பாம்பின் பூர்விகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் காட்டில் பிறக்கும் கார்ன் குட்டிகள் முதலில் தேடுவது சிறு பல்லிகளையும் மரத்தவளைகளையும்தான். எலி அவற்றின் வாழ்வில் பிறகு வருகிறது. எலிக்குஞ்சை உணவென்றே தெரியாத குட்டியை அடம்பிடிப்பதாகக் குறைசொல்வதில் நியாயமில்லை. ஆகவே அனோல் என்னும் சிறு அமெரிக்கப் பல்லிகளை வளர்க்கும் நண்பர் ஒருவரிடம், இயற்கையாக இறந்து அவர் உறையவைத்திருந்த பல்லி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். உயிருள்ள பல்லியிடமிருந்து ஒட்டுண்ணி தொற்றும் அபாயம் அதிகம் என்பதால், நெடுநாள் உறைபெட்டியில் இருந்ததையே பயன்படுத்துவது நல்லது. அதை உருகவைத்து, கழுவிய பிங்கியின் மூக்கு முதல் தோள் வரை அழுத்தித் தேய்த்தேன்.

அன்று மங்கலான சிவப்பு விளக்கில், தூரத்திலிருந்து ஒரு கிண்ணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நாக்கை ஓரிரு முறை நீட்டிவிட்டு விலகிப்போகும் குட்டி, இந்த முறை நாக்கை நிதானமாக, நெடுநேரம் வெளியே வைத்து அசைத்தது. பிங்கியின் பக்கமாகவே ஊர்ந்து அதன் தலையைத் தேடிக் கண்டுபிடித்து, சீறலோ பாய்ச்சலோ இல்லாமல் மெதுவாக வாயைத் திறந்து பற்றியது. இடது தாடை ஓர் அடி, வலது தாடை ஓர் அடி என்று மாறி மாறி முன்னேற, தன் தலையைவிடப் பருத்த இரை அந்த மெல்லிய கழுத்துக்குள் இறங்கியது. முடித்ததும் கொட்டாவி விடுவதுபோல் வாயை அகல விரித்துத் தாடைகளைப் பொருத்திக்கொண்டது. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது.

இரண்டாவது குட்டிக்குப் பல்லி வாசனையும் போதவில்லை. உருகிய பிங்கியின் மண்டையைச் சிறு கத்தியால் கீறி, மூளையின் ஈரம் வெளியே தெரியும்படி வைப்பது அடுத்த வழி. எழுதவே கூசினாலும், அது ஏற்கெனவே இறந்த இரை. அந்த ஈரத்தின் மணம் பல குட்டிகளைத் தூண்டிவிடுகிறது. வாசனையையும் கீறலையும் சேர்த்துக் கொடுத்தபோது அது மறுநாள் காலைக்குள் உண்டிருந்தது.

தாமதமாகப் பொரிந்த மூன்றாவது குட்டிதான் நான் வைத்திருந்த எல்லையைக் கடந்து மெலிந்தது. முதுகெலும்பு மேலெழுந்து உடல் முக்கோணமாகத் தெரியத் தொடங்கியதும், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் வாயில் புண்ணோ சளியோ இல்லை என்று பார்த்துவிட்டு, கைகொடுத்து ஊட்டும் முறையைச் செய்துகாட்டினார். முழுப் பிங்கி வேண்டாம், பாதி போதும். குட்டியின் தலைக்குப் பின்புறம் இரு விரல்களால் அழுத்தாமல் பிடித்து, இரையின் நுனியால் உதட்டோரத்தை மெல்லத் தள்ளினால் வாய் திறக்கும். உள்நோக்கி வளைந்த பற்களில் இரை மாட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் உள்ளே வைக்க வேண்டும். தொண்டைக்குள் தள்ளக் கூடாது. பிறகு குட்டியைத் தரையில் விட்டு நாமும் சிலைபோல் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் துப்பிவிடும், அசையாவிட்டால், துப்புவதைவிட விழுங்குவதே எளிது என்று அது விழுங்கத் தொடங்கும். குழாய் வழியே திரவ உணவு செலுத்துவதை மருத்துவர் கடைசி வழியாகவே சொன்னார்; பழகாத கையால் செய்தால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

அந்தக் குட்டி இருமுறை அப்படி விழுங்கியது. மூன்றாவது முறை கக்கியது. கக்கிய குட்டிக்குப் பத்து நாளாவது எதுவும் கொடுக்கக் கூடாது என்பதால் நீர் மட்டும் வைத்துக் காத்திருந்தோம். அந்த இடைவெளியிலேயே அது இறந்துவிட்டது. இன்னும் ஒரு முறை ஊட்டியிருக்கலாமே என்று வீட்டில் பேச்சு வந்தது. காயம்பட்ட குடலில் மறுபடி இரையை ஏற்றுவது அதற்கு வேதனையையே கூட்டியிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். ஈடு முழுவதும் பிழைக்க வேண்டும் என்று இயற்கையில் விதியில்லை என்றாலும், அந்தச் சின்ன உயிருக்காக வீட்டில் எல்லோரும் மனமார வருந்தினோம்.

உண்ணத் தொடங்கிய இரண்டையும் பல்லி வாசனையிலிருந்து விடுவிப்பது அடுத்த வேலையாயிற்று. உண்ட பிறகு 48 மணி நேரம் தொடாமல் விட்டு, ஐந்தாறு நாளுக்கு ஒரு பிங்கி என்று கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் பல்லியைத் தேய்க்கும் பரப்பைக் குறைத்து, முதலில் தலை மட்டும், பிறகு மூக்கு நுனி மட்டும், பிறகு கழுவிய வெறும் பிங்கி என்று வந்தேன். இரண்டாவது குட்டி ஒரு முறை மறுத்தபோது ஒரு படி பின்வாங்கி, மறுபடி தொடர்ந்தேன். முதல் குட்டியை என் நண்பர் ஒருவர் அப்போதே கேட்டார். வாசனை எதுவும் சேர்க்காத பிங்கியைத் தொடர்ந்து பல வேளை தானாக எடுத்து, இரண்டாம் சட்டையையும் ஒரே துண்டாக உரித்த பிறகுதான், எடைக் குறிப்பேட்டின் நகலோடு அவரிடம் கொடுத்தேன். இரண்டாவது எங்களிடமே இருக்கிறது. இப்போது அதற்கு உரோமம் முளைத்த எலிக்குஞ்சு வாங்கத் தொடங்கியிருக்கிறோம்.