சிலிங்குக்கு மேல் இருந்த பூஞ்சை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இனி அந்த அறையில் படுக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். அறை முழுக்க ஈரச்சாக்கு வாடை. படுத்தால் இருமல், விடிந்தால் இளைப்பு. ஹாலில் பாய் போட்டால் இரண்டும் இல்லை.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் அந்த மாதங்களில் சாயங்கால மழை எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கூரைதான் ஒழுகுகிறது என்று நினைத்து, ஏணி வைத்து சிலிங் மூடியைத் தள்ளி டார்ச் அடித்தேன். விட்டத்திலும் சட்டங்களிலும் கறுப்புத் திட்டுகள். அழுக்கா பூஞ்சையா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு குளோராக்ஸ் (துணி வெளுக்கும் பிளீச்) வைத்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் கறுப்பு வெளுத்தால் பெரும்பாலும் பூஞ்சைதான். எனக்கு வெளுத்தது.

ஒரு கொந்திராக்டரைக் கூப்பிட்டேன். ஏணியில் ஏறவே இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, மருந்தடித்துச் சாயம் பூசினால் போதும் என்றார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “நம்ம ஊர்ல எல்லா வீடும் இப்படித்தாண்ணே” என்று சொல்லி 600 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார். மூன்றே வாரத்தில் வாடை திரும்பி வந்தது, சாயம் பொருக்குப் பொருக்காக உரிந்தது. போன் அடித்தால் எடுக்கவில்லை. இன்னும் வயிறு எரிகிறது. ஈரம் வரும் வழியைக் காட்டாமல் சாயத்தைப் பற்றிப் பேசுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் ஒரு சுரண்டலைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஈப்போ வரை போனேன், என்ன வகைப் பூஞ்சை என்று தெரிந்துகொள்ள. அரை நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். எந்த வகையாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்து, சுத்தம் செய், காயவை.

வழி காட்டியவர் பக்கத்து வீட்டு மாமா. தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவர். “மழையில ஒரு தடவ ஏறிப் பாரு தம்பி, நாலு நாள் வெயில் அடிச்ச பிறகு ஒரு தடவ பாரு. ரெண்டு தடவையும் நனைஞ்சிருந்தா அது மழைத்தண்ணி இல்ல” என்றார்.

அப்படியே செய்தேன். கொட்டுகிற மழையிலும் ஜிங் தகட்டுக் கூரை ஒழுகவில்லை. நான்கு நாள் வெயிலுக்குப் பிறகும் குளியலறைக்கு மேலே இருந்த சட்டம் மட்டும் கையில் ஒட்டும் ஈரம். அங்கே குளியலறை ஆவியை வெளியேற்றும் காற்றாடியின் குழாய் கிடந்தது. பொருத்தியவர் அதை வெளியே விடாமல் சிலிங்குக்கு மேலேயே விட்டுப் போயிருக்கிறார். அம்மா தினமும் இரண்டு வேளை வெந்நீரில் குளிப்பார். அந்த ஆவியெல்லாம் ஆறு வருடமாக அவர் தலைக்கு மேலேயே ஏறியிருக்கிறது! 45 வெள்ளிக்குக் குழாயும் மூடியும் வாங்கி, சுவர் வழியாக வெளியே விட்டேன். ஒரு மணி நேர வேலை.

சுத்தம் செய்யும்போது அவசரப்படாதீர்கள். பூஞ்சை பிடித்த இடம் 10 சதுர அடிக்குள் இருந்தால் நாமே செய்யலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. எங்களுடையது அதற்குள் அடங்கியது. என்95 முகமூடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். மின்விசிறியை அணைத்து, அறைக்கதவைச் சாத்திவிடுங்கள். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டினால் தூள் வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். குளோராக்ஸ் நிறத்தை எடுக்குமே தவிர மரத்துக்குள் இறங்காது. ஊறிப்போன ஜிப்சம் பலகையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், பையில் கட்டித் தூக்கிப் போடுங்கள். பழைய வீட்டுச் சிலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உடைக்கவோ உரசவோ கூடாது, தெரிந்த ஆளை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நேற்று குளித்து முடித்த கையோடு ஏறிச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. அம்மா பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தன் கட்டிலுக்கே போய்விட்டார்.