அம்மாவோடு டாரா பார்த்த நாட்கள்

ஜூன் 9, அம்பாசமுத்திரம்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. கரண்டு போவதற்குள் ‘யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஆஃப் டாரா’ இரண்டு பாகம் பார்த்து முடித்தேன். அமெரிக்கத் தொடர். 2009 முதல் 2011 வரை மூன்று சீசன், 36 பாகம். கான்சஸில் ஒரு குடும்பம். அம்மா டாராவுக்கு ஒரே உடம்பில் பல ஆட்கள். மாத்திரையை வேறு நிறுத்திவிட்டாள். மனசு கலங்கினால் விடலைப் பெண் டி வருவாள், வியட்நாம் போருக்குப் போய் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பக் வருவான், 1950-களின் குடும்பத்தலைவி மாதிரி ஆலிஸ் வருவாள். எல்லாம் நடிகை டோனி கொலெட்தான். 2009-இல் எம்மி விருது வாங்கினார்.

நமக்கு இந்த நோய் என்றாலே சந்திரமுகியும் அந்நியனும். மறுநாள் காலையில் பிள்ளைக்கு யார் டிபன் பாக்ஸ் கட்டினார்கள் என்ற கவலை அவற்றுக்கு இல்லை. இதில் அதுதான் கதை.

ஜூன் 11

டாராவின் மகள் கேட், மகன் மார்ஷல் இருவரும் அம்மாவின் உடுப்பைப் பார்த்தே இன்றைக்கு யார் என்று கண்டுகொள்கிறார்கள். எனக்குக் கோலம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலிருந்தே பார்ப்பேன். எதிர்வீட்டு வாசல் வரை ஓடியிருந்தால் வம்பு. வாசல் வெறிச்சென்று கிடந்தால் அம்மா படுக்கையில். சின்னதாக நாலு புள்ளி இருந்துவிட்டால் போதும், பசிக்க ஆரம்பிக்கும்.

என் அம்மாவுக்கு இருப்பது வேறு, இருதுருவக் கோளாறு. மனசு ஒரேயடியாக ஏறும், ஒரேயடியாக இறங்கும். ஆள் மாறாது, அளவு மாறும். ஒருமுறை பத்தமடையில் பதினேழு பட்டுப்பாய்க்குச் சொல்லிவிட்டு வந்தாள். வந்து இறங்கியபோது பாய்க்குப் பாய் என் பெயரும் ஒரு மாப்பிள்ளை பெயரும் நெய்திருந்தது. நான் எட்டாம் வகுப்பு. அந்தப் பெயர்க்காரரை இன்றுவரை பார்த்ததில்லை. பாய் மட்டும் நன்றாக உழைக்கிறது.

ஜூன் 14

இன்று அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். நான் தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்தாள். பக்கைப் பார்த்து அப்படிச் சிரிப்பு.

“எட்டி, ஆளு மாறினதும் வந்தது யாருன்னு பேரு தெரிஞ்சுல்லா பேசுதாவ. நம்மூர்க் கொடையில சாமி வந்தா கேக்க மாதிரி.”

கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே:

“ஒங்க ஆச்சி என்னைக் கோடாங்கிக்கிட்ட கூட்டிட்டுப் போனாவல்லா. அங்கயும் கேட்டாவ, யாரு வந்திருக்கன்னு. நாந்தான்னேன். நம்பல.”

அன்றைக்கு அதற்கு மேல் பார்க்கவில்லை.

ஜூன் 17

அம்மா போடும் மாத்திரை லித்தியம். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாள். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் காலை ரயில். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்; பையில் மோர் பாட்டில் இரண்டு.

கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் கேட்டாள். “கடைசியில அவளுக்கு என்ன ஆவுது?”

“வைத்தியத்துக்குப் பாஸ்டன் போறாம்மா.”

“புருஷன்?”

“அவரும் கூடப் போறாரு.”

அப்பா ஒருநாளும் இந்த ரயிலில் ஏறியதில்லை. வீரவநல்லூர் போயிற்று. சேரன்மகாதேவியும் போயிற்று. மோரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்:

“பாஸ்டனுக்குப் பாசஞ்சர் உண்டாமாட்டி?”