ஸ்குவீலரின் வேலை

11 வருடம் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தினேன். இரண்டாம் ஆண்டுக்கு ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'. 1945-இல் வந்த சின்ன நாவல், பத்தே அத்தியாயம். ரஷ்யப் புரட்சியையும் ஸ்டாலின் ஆட்சியையும் இங்கிலாந்துப் பண்ணை ஒன்றுக்குள் வைத்துச் சொல்வது. நெப்போலியன் என்ற பன்றிதான் தலைவன். அதன் வாய், ஸ்குவீலர் என்ற இன்னொரு பன்றி.

பயம் என்று கேள்வி வந்தால் மாணவர்கள் நெப்போலியன் வளர்த்த 9 நாய்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். எனக்குப் பிடித்த இடம் வேறு. பன்றிகள் கட்டிலில் படுக்கின்றன என்று தெரிந்ததும் க்ளோவர் என்ற குதிரைக்குச் சந்தேகம் வருகிறது. கூடாதென்று சட்டம் இருந்ததே? க்ளோவருக்குத் தனித்தனி எழுத்துதான் தெரியும். ம்யூரியல் என்ற ஆட்டைக் கூப்பிட்டுச் சுவரில் எழுதியிருக்கும் சட்டத்தை வாசிக்கச் சொல்கிறது. 'விரிப்போடு' கட்டிலில் படுக்கக் கூடாது என்றிருக்கிறது. விரிப்பைப் பற்றி ஏதும் இருந்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் சுவரிலேயே இருக்கிறதே, அப்போ இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஸ்குவீலர் அந்தப் பக்கம் வருகிறது, கூடவே இரண்டு மூன்று நாய்கள். குரைக்கவில்லை, கடிக்கவில்லை. சும்மா கூட வருகின்றன. விலங்குகள் துரத்திவிட்ட பழைய முதலாளி ஜோன்ஸ் திரும்பி வர வேண்டுமா என்று ஸ்குவீலர் கேட்ட பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

மாணவர் சேர்க்கை படுத்துப்போன ஒரு வருடம். நிர்வாக அலுவலர் கூப்பிட்டனுப்பினார். "சம்பளத்துல 15 சதவீதம் பிடிக்கப்போறோம் சார். சர்குலரை நீங்க எழுதிடுங்க, உங்களுக்குத்தான் நல்லா வரும். குறைப்புங்கிற வார்த்தை மட்டும் வேண்டாம்."

வகுப்பில் அந்த வாரம் ஒன்பதாம் அத்தியாயம். குளிர்காலத்தில் தீவன அளவைக் குறைக்கிறார்கள், பன்றிக்கும் நாய்க்கும் தவிர. ஸ்குவீலர் அதைக் குறைப்பு என்று சொல்வதே கிடையாது, 'மறுசீரமைப்பு' என்றுதான் சொல்லும். ஜோன்ஸ் காலத்தைவிட இப்போது எல்லாம் அதிகம் என்று கீச்சுக்குரலில் கடகடவென்று கணக்கு வேறு வாசிக்கும்.

எழுதினேன். 'ஊதிய மறுசீரமைப்பு.' முன்னால் 'தற்காலிக' என்று போட்டிருந்தேன், அவர் அடித்துவிட்டார். அப்புறம் யாரும் கேட்காமல் நானாகவே ஒரு வரி சேர்த்தேன்: 'நிறுவனம் நின்றால்தான் நாம் நிற்க முடியும்.' ஜோன்ஸ் வந்துவிடுவான் என்பதைத்தான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறேன் என்று எழுதும்போதே தெரிந்தது. வீட்டுக்கடன் இருந்தது, பயந்தேன் என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் வாக்கியம் நன்றாக விழுந்ததில் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. ஸ்குவீலருக்கும் இருந்திருக்கும். அதை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

சர்குலரைத் துறை துறையாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியது ஆபீஸ் உதவியாளர் அக்கா. அவர் சம்பளமும் அதில் சேர்த்திதான். கடைசியாக எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

"எல்லாரும் படிச்சுட்டுப் பேசாம கையெழுத்துப் போடுறாங்க சார். எனக்கு ஒண்ணும் புரியலை. கூட்டியிருக்காங்களா, குறைச்சிருக்காங்களா?"

வராந்தாவில் நிர்வாக அலுவலர் போன் பேசிக்கொண்டு நின்றிருந்தார்.

"மாத்தி அமைச்சிருக்காங்கக்கா" என்றேன்.