6.17 கவிழ்த்தது, 6.14 கைகொடுத்தது

லினக்ஸில் வழக்கமான அப்டேட்தான்; அதன் மையமான கெர்னல் 6.14-இலிருந்து 6.17-க்கு மாறியது. ரீபூட் செய்ததும் கறுப்புத் திரையில் ‘கெர்னல் பேனிக்’: கெர்னல் மேலே ஓட முடியாமல் நின்றுவிட்டது. ரூட் ஃபைல் சிஸ்டத்தை (சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் பகுதி) மவுன்ட் செய்ய முடியவில்லையாம். டிஸ்க்தான் போய்விட்டதென்று வயிற்றைக் கலக்கியது. டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை.

பழைய கெர்னலுக்குப் போவது சுலபம்: எந்தக் கெர்னலில் பூட் ஆவது என்று கேட்கும் க்ரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. அந்த மெனுவை வரவழைப்பதுதான் பெரும்பாடு. யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த ஃபர்ம்வேர்) மெஷினில் எஸ்கேப் தட்ட வேண்டும். பதற்றத்தில் ஒரு தட்டு கூடிவிட்டால் மெனுவுக்குப் பதில் ‘க்ரப்>’ என்று வெறும் ப்ராம்ப்ட் முறைத்துக்கொண்டு நிற்கும். மறுபடி ரீபூட்.

6.14 ஒழுங்காக எழுந்தது. பூட் டைரக்டரியைப் பார்த்தால் 6.17-க்குக் கெர்னல் ஃபைல் இருக்கிறது, இனிட்ஆர்டி (ரூட்டை மவுன்ட் செய்யத் தேவையான டிரைவர்கள் உள்ள ஃபைல்) இல்லை. வைஃபை டாங்கிளுக்காக டிகேஎம்எஸ் (ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிரைவரை மறுபடி பில்ட் செய்யும் கருவி) வழியாகப் போட்டிருந்த டிரைவரின் வேலை அது. அந்த டிரைவர் கூப்பிடும் ‘டெல்_டைமர்_சின்க்’ என்ற கெர்னல் ஃபங்ஷன் 6.15-லேயே நீக்கப்பட்டு வேறு பெயருக்கு மாறிவிட்டது. டிரைவர் பில்ட் ஆகவில்லை, இன்ஸ்டால் அங்கேயே நின்றது, இனிட்ஆர்டி உருவாகும் கட்டம் வரவே இல்லை. இவ்வளவுக்கும் கிடைத்த எச்சரிக்கை, சரசரவென்று ஓடிய வரிகளுக்கு நடுவே ஒரு ‘ரிட்டர்ன் கோடு 11’. கெர்னல் அப்டேட் முடிந்ததும் கடைசி இருபது வரியையாவது படித்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

அதற்குப் பிறகு, பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் ஏபிடி முரண்டு பிடித்தது. எதை இன்ஸ்டால் செய்யப்போனாலும் பாதியில் நின்ற 6.17-ஐயே மறுபடி முடிக்கப் பார்த்து, அதே இடத்தில் விழுந்தது. டிரைவரைத் தூக்கினால் தீரும், ஆனால் நெட் போய்விடும். (அப்படி மாட்டினால் போனை யுஎஸ்பி டெதரிங்கில் போடுங்கள், தனி டிரைவர் தேவையில்லை.) நான் 6.17-இன் இமேஜ், ஹெடர்ஸ் இரண்டையும் ஒரே கமாண்டில் பர்ஜ் செய்தேன், அதாவது முழுதாக நீக்கினேன். ஏபிடி வாயை மூடிக்கொண்டது.

பலரும் ‘ஹோல்ட் போடு’ (அப்டேட் ஆகாமல் நிறுத்திவை) என்பார்கள். வெர்ஷன் நம்பர் உள்ள பேக்கேஜுக்கு ஹோல்ட் போட்டுப் பயனில்லை, புதுக் கெர்னல் வேறு பெயரில் வந்து உட்காரும். போட வேண்டியது, எப்போதும் புதுக் கெர்னலை இழுத்துவரும் மெட்டா பேக்கேஜுக்கு. எனக்கு அந்த வேலையும் மிச்சம்: பர்ஜ் செய்தபோது மெட்டாவும் சேர்ந்து போயிருந்தது. ஆனால் மெட்டா போனால் பழைய கெர்னலை, தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் அடித்துக்கொண்டு போகக்கூடும். அதனால் 6.14-இன் இமேஜ், மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா, ஹெடர்ஸ் மூன்றையும் ‘மேனுவல்’ (நானே போட்டது) என்று குறித்துவைத்தேன்.

இப்போதைக்குக் கெர்னலுக்கான செக்யூரிட்டி திருத்தங்கள் எனக்கு வராது. டிரைவரின் புது வெர்ஷன் வந்ததும் மெட்டாவைத் திரும்பப் போட வேண்டும்; காலண்டரில் ரிமைண்டர் வைத்திருக்கிறேன்.